தேய்ந்த புஷ்ஷும் பொதுச் சொத்தும்

நமது சங்க ஜீப் மேடு பள்ளங்களில் ‘டக் டக்’ என ஒலித்ததைப் பல மாதங்கள் கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிட்டோம். அது தவறு.

ஸ்பிரிங் பட்டையின் இரு முனைகளும் வண்டிச் சட்டத்தோடு இணையுமிடத்தில் ரப்பர் புஷ் உண்டு. நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் முன் அச்சின் இழுவிசையையும் அதுவே தாங்குகிறது. அது தேய்ந்தால் இரும்போடு இரும்பு மோதும். அச்சு தன் இடத்தில் நில்லாது. வண்டி ஒருபுறம் இழுக்கும். டயர் ஒழுங்கின்றித் தேயும். தறியில் ஓர் ஆணி தளர்ந்தால் நெசவு கெடுவதை அறிந்தோருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

புஷ்களை இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். கிரீஸ் தடவலாகாது; எண்ணெய்ப் பசையால் ரப்பர் ஊதிக் கெடும்; சோப்பு நீரே போதும். வண்டி ஜாக்கியில் நிற்கையில் போல்ட்டை முற்றும் இறுக்கலாகாது. சக்கரங்கள் தரையில் ஊன்றி, பாரம் பட்டைமேல் இறங்கிய பின்னரே இறுக்க வேண்டும். இல்லையேல் புது ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழியும்.

சிறு செலவுக்கு அனுமதி தரத் தயங்கி, பின்னர் டயருக்குப் பெருந்தொகை அளிப்பது சிக்கனமாகாது. அவ்வண்டியில் செல்வது அங்கத்தினரின் நூலும் விளைபொருளும் மட்டுமல்ல, ஓட்டுநரின் உயிரும்தான். ஒலி கேட்ட மாதமே பழுது பார்க்கும் அதிகாரத்தைச் செயலாளருக்கு அளிக்குமாறு நிர்வாகக் குழுவை வேண்டுகிறோம்.