தோற்றவனுக்குத் தெரிய வேண்டும்

வாள்சண்டையை மையமாகக் கொண்ட ஒரு கணினி விளையாட்டில், ஒரே எதிரியிடம் முப்பது முறை தோற்ற பிறகும் முப்பத்தோராவது முறை அமர்பவர்களை நாம் அறிவோம். அவர்களே வேறொரு விளையாட்டில் மூன்றாம் தோல்வியில் சலித்து எழுந்துவிடுவதையும் பார்த்திருக்கிறோம். இரண்டையும் 'கடினம்' என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது என்று தோன்றுகிறது.

2006-இல் வெளிவந்த 'ஒப்லிவியன்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பரந்து விரிந்த, அழகான உலகம். ஆனால் சண்டையின் கடினத்தை மாற்ற அதில் தரப்பட்டிருந்தது ஒரு அளவுகோல் மட்டுமே. அதை ஒரு பக்கம் தள்ளினால் நம் அடியின் வலு குறையும், எதிரியின் அடி வலுக்கும். அவன் புதிதாக எதையும் கற்றிருக்கமாட்டான். பத்து அடியில் விழுந்தவன் ஐம்பது அடியில் விழுவான், அவ்வளவே. போதாக்குறைக்கு, நாம் வளர வளர எதிரிகளும் கூடவே வளர்ந்தார்கள். வழிப்பறிக் கொள்ளையர்கள்கூட ஒரு கட்டத்தில் விலையுயர்ந்த கவசமணிந்து வந்து நின்றார்கள். நாம் தேர்ச்சி பெற்றோம் என்ற நிறைவை அந்தக் கவசம் பறித்துக்கொண்டது.

ஹிடேடகா மியாசாகி இயக்கத்தில் 2019-இல் வந்த 'செகிரோ' வேறு வகை. இங்கே எதிரியின் உயிரைவிட அவனுடைய நிலைப்பைக் குலைப்பதே முக்கியம். சரியான கணத்தில் அவன் வாளை நம் வாளால் தட்டிவிட்டால் நிலைப்பு குலையத் தொடங்கும். முற்றிலும் குலைந்ததும் ஒரே குத்துக்கு வழி திறக்கும். அஞ்சிப் பின்வாங்கினாலோ அவன் அதை மீட்டுக்கொள்வான். தடுக்க இயலாத தாக்குதலுக்கு முன் சிவப்பு எழுத்தொன்று எச்சரிக்கும். குத்த வந்தால் முன்னே பாய்ந்து ஆயுதத்தை மிதிக்க வேண்டும். காலை நோக்கி வீசினால் எம்ப வேண்டும். தோற்றவனுக்குத் தான் ஏன் தோற்றோம் என்பது தெரிகிறது. மீண்டும் அமர்வது அதனால்தான்.

'செகிரோ'வில் எளிய நிலை என்ற தேர்வே இல்லை. அது வெளிவந்தபோது இதையொட்டி எழுந்த விவாதம் கடுமையானது. எல்லோரும் ஒரே மலையை ஏறியதில் ஒரு தோழமை உண்டு, அதைக் கலைக்கலாகாது என்றனர் ஒரு சாரார். அந்தத் தோழமையை நாமும் மதிக்கிறோம். ஆனால் கை நடுங்குபவருக்கும் கண் மங்கியவருக்கும் அது ஒரே மலை அல்லவே.

அதே நிறுவனத்தின் 'எல்டன் ரிங்' (2022) ஒரு வழியைக் காட்டியது. ஆவி வடிவத் துணைவர்களை அழைத்துக்கொள்ளலாம். உதவிதான். ஆயினும் துணைவனை நோக்கி எதிரி திரும்பி நிற்கையில் நாம் முதுகில் குத்துகிறோம். வெல்கிறோம், அவன் அசைவைப் படிக்காமலேயே.

நமக்கு உவப்பானது 'செலஸ்டி' (2018) காட்டிய வழி. அது சண்டை விளையாட்டல்ல, மலையேற்றம். எனினும் கணநேரத் துல்லியத்தைக் கோருவதில் எதற்கும் குறைந்ததல்ல. அதிலுள்ள உதவி ஏற்பாடுகளில் ஒன்று, ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ளும் வசதி. தாவல்கள் அவையே, முட்களும் அவையே. சிந்திக்கச் சற்று அவகாசம் கிடைக்கிறது. வாள்சண்டையிலும் இது இயலும். வேகம் குறைந்தாலும் குத்தை மிதிக்கத்தான் வேண்டும், வீச்சுக்கு எம்பத்தான் வேண்டும்.

எதிரியின் உயிரைக் குறைப்பதைக் காட்டிலும் ஆடுபவருக்கு நேரத்தைக் கூட்டுவது நேர்மையானது என்பதே நம் தரப்பு. முன்னது பாடத்தைச் சுருக்கிவிடுகிறது; பின்னது முழுப் பாடத்தையும் மெதுவாக நடத்துகிறது. மெதுவாகப் படித்தவர் குறைவாகப் படித்தார் என்று, வாசிப்பைப் பொறுத்தவரை, நம்மில் எவரும் சொல்வதில்லை. ஆட்டத்திற்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?