ஒத்தப் பொட்டியை நம்பி ஒரு மில்லு

மக்கா, ஒரு புலம்பல். ஸ்பின்னிங் மில்லுல எல்லா ரிங் ஃப்ரேம் டேட்டாவையும் சேர்க்க, ஒரு சாதா டெஸ்க்டாப்பை 24 மணி நேரமும் ஓட விடறாங்க. கேட்டா, "1999-ல கூகுளே சாதா பார்ட்ஸ்லதான் சர்வர் கட்டுச்சு"ங்கறாங்க.

உண்மைதாங்க. ஆனா அவங்க நிறைய பொட்டிகளை அடுக்கினாங்க. ஒண்ணு செத்தா இன்னொண்ணு பார்த்துக்கற மாதிரி மென்பொருளும் எழுதினாங்க. உங்ககிட்ட இருக்கறது ஒத்தப் பொட்டி!

பஞ்சுத் தூசி ஃபேனை அடைக்கும், சூடு ஏறும். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி கூடினா ஆயுசு ஏறக்குறைய பாதி. பவர் சப்ளையும் ஒண்ணுதான், டிஸ்க்கும் ஒண்ணுதான்.

பொட்டி செத்தாலாவது தெரியும். ஈசிசி இல்லாத மெமரியில ஒரு பிட் புரண்டா, சத்தமில்லாம தப்புக் கணக்கு பதிவாகிடும். அதே கூகுள் சர்வர்களை வச்சு 2009-ல வந்த ஆய்வுல, ஒரு வருஷத்துல 8 சதவீதத்துக்கும் மேலான மெமரி பட்டைகள்ல பிழை. ஈசிசி இருந்ததாலதான் அது தெரியவே வந்துச்சு!

"சர்வர் விலை ஜாஸ்தி சார்." சரிங்க, அந்தக் கணக்கை வச்சு இன்சென்டிவ் வாங்குற தொழிலாளிக்கு யார் பதில் சொல்றது? ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வர்றதும் பர்ச்சேஸ் மேனேஜருக்கு இல்ல, என்னை மாதிரி பொட்டி தட்டுறவனுக்குத்தான்.

டிஸ்கி: பட்ஜெட்டே இல்லைன்னா ரெண்டு பொட்டியாவது வைங்க. பேக்கப் எடுத்தா மட்டும் போதாது, திருப்பி ஏத்தியும் பாருங்க சாமிகளா!