பொழுது சாயுமுன்: முடக்கப்படும் வங்கிக் கணக்குகள் குறித்துச் சில எண்ணங்கள்



வங்கியில் நாம் சேமித்து வைத்த பணத்தை, "ஐயத்திற்குரிய நடவடிக்கை" என்ற ஒரு தொடரைச் சொல்லி வங்கியே பூட்டிவிடும் நிகழ்வுகளை நம் மக்களிடமிருந்து அடிக்கடி கேட்கிறேன். எடிசனில் வாழ்வோர், ஃப்ரீமாண்டில் வாழ்வோர், டாலஸில் வாழ்வோர் எனப் பலரும் சொல்வது ஏறத்தாழ ஒன்றே. கடையில் கார்டு மறுக்கப்படுகிறது. வாடகைக் காசோலை திரும்பி வருகிறது. தொலைபேசியில் அழைத்தால், "கணக்கு ஆய்வில் இருக்கிறது, காரணம் கூற இயலாது" என்ற பதில் வருகிறது. எத்தனை நாள் என்று கேட்டால் அதற்கு விடையில்லை. பணம் கைக்கு எட்டாத துயரைவிட, குற்றம் செய்தவர்போல் அவர்கள் தாழ்ந்த குரலில் இதைச் சொல்வதே என்னை எழுதத் தூண்டியது.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஐயுறுவதற்கு வங்கிக்கு உரிமை உண்டு. சில வேளைகளில் அது அதன் கடமையும்கூட. ஆனால் ஒருவருடைய பணம் முழுவதையும், கால வரையறை இன்றி, மறுமொழி கூற ஒரு மனிதரைக்கூட நிறுத்தாமல் பூட்டி வைப்பது அறமாகாது.

வங்கியின் பக்கத்து நியாயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1970-ஆம் ஆண்டின் வங்கி இரகசியச் சட்டமும், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப்பின் வந்த பேட்ரியட் சட்டமும், ஐயத்திற்குரிய பணப் போக்குவரத்தை அரசுக்கு அறிவிக்கும் கடமையை இந்நாட்டு வங்கிகள்மேல் சுமத்தியுள்ளன. அப்படி அறிக்கை அனுப்பியதை வாடிக்கையாளரிடம் சொல்வது சட்டப்படி குற்றம். மோசடியின் அளவும் சிறிதன்று. 2024-ஆம் ஆண்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மோசடியில் இழந்ததாக எஃப்பிஐயிடம் முறையிட்ட தொகை ஏறத்தாழ 490 கோடி டாலர். "உங்கள் பேரன் காவலில் இருக்கிறான், உடனே பணம் அனுப்புங்கள்" என்று அழும் குரலை நம்பி, ஆயுள் சேமிப்பை அனுப்ப வங்கிக்கு ஓடும் பாட்டியைத் தடுத்து நிறுத்தும் ஊழியரை நாம் வாழ்த்தவே வேண்டும்.

ஆனால் பல முடக்கங்களில் தடுப்பவர் அந்த ஊழியர் அல்லர். ஒரு கணினி நிரல். அது தவறும்போது என்ன நேரும் என்பதற்கு அரசு ஆவணங்களே சான்று.

சான் பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட வெல்ஸ் ஃபார்கோ வங்கியின்மீது, நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2022 டிசம்பர் 20 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. வண்டிக் கடன், வீட்டுக் கடன் எனப் பல முறைகேடுகள் அதில் அடங்கின. அவற்றுள் ஒன்று கணக்கு முடக்கம். மோசடிப் பணம் செலுத்தப்பட்டிருக்கலாம் என்று பிழையான தானியங்கி வடிகட்டி சொன்னதை வைத்து, 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை அவ்வங்கி முடக்கியிருந்தது. வாடிக்கையாளருக்குத் தீங்கு நேராத வேறு வழிகள் இருந்தும் அவற்றை நாடவில்லை. அம்மக்கள் சராசரியாகக் குறைந்தது இரண்டு வாரம் தங்கள் பணத்தில் ஒரு காசும் எடுக்க முடியாமல் இருந்தனர். 2011 முதல் 2016 வரை நடந்த இத்தவற்றுக்கு ஈடாக அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது 16 கோடி டாலர். பகிர்ந்து பார்த்தால் தலைக்கு 160 டாலருக்கும் குறைவு. வாடகை கட்டத் தவறியவரின் இரவுத் தூக்கத்திற்கு இதுவா விலை?

அதே ஆண்டு ஜூலையில் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்கு 22.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் வேலையிழந்தோருக்குக் கலிஃபோர்னியா முதலிய மாநில அரசுகள் அளித்த உதவித்தொகை அவ்வங்கியின் முன்பண அட்டைகள் வழியே சென்றது. உரிய விசாரணை நடத்தாமல், பிழையான மோசடித் தடுப்பு நிரலைக் கொண்டு அக்கணக்குகளை வங்கி முடக்கிவிட்டது. வேறு வருமானமே இல்லாத வேளையில், கையில் இருந்த ஒரே பணமும் பூட்டப்பட்டது.

கோவலன் கதையை நாம் பள்ளியிலேயே படித்தோம். பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், கோவலன் வெட்டுண்டான். கண்ணகியின் சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பிலோ முத்துப் பரல். அந்தச் சோதனைக்குத் தேவைப்பட்டது ஒரு நொடி. அதைத் தண்டனைக்குப்பின் செய்ததே பாண்டியனின் பிழை. அரசியின் சிலம்பு காணாமற்போனது மெய். எனவே அரசன் ஐயுற்றதில் தவறில்லை. ஆராயும்முன் தண்டித்ததே தவறு.

நம் மக்கள் இவ்வலையில் எளிதில் சிக்குவதற்குக் காரணம் உண்டு. நம் வாழ்வியல் கணினிக்குப் புரிவதில்லை. திருநெல்வேலியில் பூர்விக நிலத்தை விற்ற பணம் ஒரே நாளில் பெருந்தொகையாக வந்து சேர்கிறது. சீட்டு நடத்தும் அக்காவின் கணக்கிற்கு மாதத்தின் முதல் வாரத்தில் இருபது பேரிடமிருந்து ஸெல் வழியே பணம் வருகிறது. மறுநாளே மொத்தமாக ஒருவருக்குப் போகிறது. வேளாங்கண்ணி அன்னை திருவிழாவுக்கான நன்கொடை ஒரு தன்னார்வலரின் சொந்தக் கணக்கில் குவிகிறது. நமக்கு இவை உறவும் பக்தியும். நிரலின் கண்ணுக்கோ, திருட்டுப் பணத்தைக் கைமாற்றும் இடைத்தரகர் கணக்கும் இப்படித்தான் தோன்றும்.

ஆகவே ஐயத்திற்கு எல்லை வகுக்க வேண்டும். அது இயலாத காரியம் அன்று.

முதல் எல்லை தொகை. இந்தியாவிலும் இணையக் குற்றப் புகார்களை முன்னிட்டுக் காவல்துறை கணக்குகளை முடக்குவது பெருகியுள்ளது. ஊரில் கணக்கு வைத்திருக்கும் நமக்கும் இது தொலைவான செய்தி அன்று. 2024-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின்முன் அத்தகைய வழக்கு ஒன்று வந்தது. வேற்று மாநிலக் காவல்துறையின் கோரிக்கையால் ஒருவருடைய கணக்கு முழுவதும் முடங்கியிருந்தது. ஐயத்திற்குரிய தொகையோ ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ரூபாய் மட்டுமே. எவ்வளவு தொகை, எவ்வளவு காலம் என்று குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. அத்தொகையை மட்டும் நிறுத்தி வைத்து, மற்றதை அவர் பயன்படுத்த வழிவிட்டது. நேர்மையான தீர்ப்பு என்பேன்.

இரண்டாவது எல்லை காலம். 65 வயது நிறைந்தோரும் உடற்குறை உள்ளோரும் சுரண்டப்படுவதாக ஐயம் எழுந்தால் பணப் பரிமாற்றத்தை நிறுத்தி வைக்க டெக்சாஸ் மாநிலச் சட்டம் 2017 முதல் வங்கிக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அந்நிறுத்தம் 10 வேலைநாள்களில் காலாவதியாகும். விசாரிக்கும் அரசுத்துறை கேட்டுக்கொண்டால் மேலும் 30 வேலைநாள்கள்வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் வேண்டுமெனில் நீதிமன்றத்தை நாட வேண்டும். முதியோரைக் காக்கும் நல்ல நோக்கத்திற்கே நாள் குறிக்க முடியுமாயின், மற்ற முடக்கங்களுக்கு ஏன் முடியாது?

மூன்றாவது எல்லை, பதில் சொல்லும் மனிதர். இங்கே வங்கிகள் சட்டத்தைக் கேடயமாக்குகின்றன. அரசுக்கு அறிக்கை அனுப்பியதைச் சொல்லத்தான் தடை உண்டு. "இந்த ஆவணங்களைக் கொண்டு வாருங்கள், இந்த நாளுக்குள் விடை தருவோம், இவரிடம் பேசுங்கள்" என்று சொல்லத் தடை ஏதும் இல்லை.

இவை புதுக் கொள்கைகள் அல்ல. பழைய இஸ்ரயேலின் சட்டத்தில் அடகு பிடிப்பதைப் பற்றிய கட்டளைகள் விடுதலைப் பயண நூலிலும் இணைச்சட்ட நூலிலும் உள்ளன. ஏழையின் மேலாடையை அடகாகப் பெற்றால் கதிரவன் மறையுமுன் திருப்பித் தர வேண்டும்; இரவில் அவன் போர்த்திக்கொள்ள வேறொன்றில்லை. திரிகைக் கல்லை அடகாக வாங்கவே கூடாது. அது அவன் உணவு அரைக்கும் கருவி. கடன் கொடுத்தவனின் உரிமையைச் சட்டம் மறுக்கவில்லை. அவ்வுரிமை மற்றவனின் இரவு உறக்கத்தையும் அன்றைய உணவையும் பறிக்காதபடி வேலி இட்டது. இன்றைய திரிகைக் கல், சம்பளம் வந்து விழும் கணக்கு. ஆய்வு நடக்கட்டும், ஆனால் வாடகைக்கும் மளிகைக்கும் மருந்துக்கும் வேண்டியதை விட்டுவைத்து நடக்கட்டும்.

சட்டம் திருந்தும்வரை நாம் செய்யத் தக்கவற்றையும் சொல்கிறேன்.

எல்லாப் பணத்தையும் ஒரே வங்கியில் வைக்காதீர்கள். இரண்டு மாதச் செலவுக்கானது வேறொரு வங்கியிலோ கிரெடிட் யூனியனிலோ இருக்கட்டும். ஊரிலிருந்து பெருந்தொகை வரவிருந்தால் முன்கூட்டியே கிளைக்குச் சென்று தெரிவியுங்கள். விற்பனைப் பத்திரம், வங்கி அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கையில் வைத்திருங்கள். திருவிழாப் பணமும் நற்பணிப் பணமும் எவருடைய சொந்தக் கணக்கிலும் சேரக் கூடாது. பங்கின் கணக்கிலோ முறையாகப் பதிவான அமைப்பின் கணக்கிலோதான் சேர வேண்டும்.

10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கத்தைச் செலுத்தினால் வங்கி அரசுக்கு அறிவிக்கும். அது குற்றச்சாட்டு அன்று, வழக்கமான பதிவு. அதற்கு அஞ்சி ஒன்பதாயிரம் ஒன்பதாயிரமாகப் பிரித்துச் செலுத்தச் சொல்லும் நண்பரின் அறிவுரையைக் கேளாதீர்கள். பணம் நேர்மையானதாயினும், அறிவிப்பைத் தவிர்க்கவென்று பிரிப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

கணக்கு முடங்கிவிட்டால், அடையாளச் சான்றுகளோடு கிளைக்கு நேரில் செல்லுங்கள். முகப்பில் இருக்கும் ஊழியரிடம் சினம் கொள்ளாதீர்கள்; பெரும்பாலும் அவருக்கும் காரணம் தெரியாது. எந்தத் துறை ஆய்வு செய்கிறது, என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டு, நாளையும் பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டதற்கு உண்மையை மட்டும் சொல்லுங்கள். எழுத்திலும் முறையிடுங்கள். பதில் வராவிடில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்தின் இணையதளத்தில் புகார் செய்யலாம். 2025 முதல் அதன் பணிகள் அரசியல் இழுபறியில் சிக்கியிருப்பதால் அதை மட்டும் நம்பியிராதீர்கள். தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகமும், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, டெக்சாஸ் மாநிலங்களின் வங்கித் துறைகளும் உள்ளன. உங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தையும் அணுகலாம்.

இன்னொன்று. "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, இந்த எண்ணை அழுத்துங்கள்" என்று வரும் அழைப்புகளில் பல மோசடியாளருடையவை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பெற்றோர் உங்களோடு தங்கியிருந்தால் இதை அவர்களுக்கும் இன்றே சொல்லுங்கள்.

இறுதியாக, நமக்குள் ஒரு வார்த்தை. வங்கி ஒருவரை ஐயுற்றது என்றதும், "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு எழுகிறது. அந்தக் குடும்பம் கோவிலுக்கு வருவதையே குறைத்துக்கொள்கிறது. முகம் தெரியாத நிரல் தவறாகத் தீர்ப்பிட்டால் முறையிட அலுவலகங்கள் உண்டு. முகம் தெரிந்த நாமே தீர்ப்பிட்டால் அவர்கள் எங்கே போய் முறையிடுவார்கள்? அத்தகைய குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால் காரணம் கேட்காதீர்கள். இந்த வாரச் செலவுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். வாடகைக்கும் உணவுக்கும் இடர் வந்தால் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையை அணுகத் தயங்க வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படிவம் நிரப்பவும் கடிதம் எழுதவும் தெரிந்த இளைஞர்கள் தம் பெயரைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்து வைத்தால், தேவைப்படும் குடும்பத்தோடு வங்கிக்கு உடன் செல்ல அவர்களை அனுப்பி வைப்பேன்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் என்றும் தங்குவதாக.

உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை