கைக்குழந்தைக்கு மீன் காட்டினால் என்ன விளங்கும்?



எட்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு மீன் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். "அதுக்கு என்ன விளங்கப் போகுது? நடக்கத் தொடங்கினாப் பிறகு கூட்டிப் போங்களேன்." அடுத்தது கண்ணூறு. அதற்கடுத்தது வெயில், சனம், காய்ச்சல். கடைசியாகக் காசு. இதில் காய்ச்சலைப் பற்றிய பயம் மட்டும் நியாயமானது, அதைக் கீழே எழுதியிருக்கிறோம். மற்றவை பிள்ளையைப் பற்றிய கவலைகள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

முதலில் அந்த "என்ன விளங்கும்" என்ற கேள்வி.

பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. மூன்று, நாலு மாதமாகும்போது நிறங்கள் தெரியத் தொடங்கும், அசையும் பொருளைக் கண் பின்தொடரும். இப்போது மிருகக்காட்சிச்சாலையை நினைத்துப் பாருங்கள். யானை எங்கோ நிற்கிறது. சிங்கத்துக்கும் எங்களுக்கும் இடையில் வேலி, பள்ளம், அதற்குமேல் சிங்கம் தூங்குகிறது. கைப்பிள்ளை யானையைப் பார்க்காது, முன்னால் நிற்பவரின் பலூனைத்தான் பார்க்கும். மீன் மட்டும்தான் பிள்ளையின் மூக்குக்கு நேரே கண்ணாடியில் வந்து நிற்கிறது. சுற்றிலும் இருட்டு, முன்னால் வெளிச்சம், அதற்குள்ளே மஞ்சளும் கறுப்புமாக ஏதோ அசைகிறது. அந்த வயதுக்கென்றே யாரோ கட்டிவைத்த மாதிரி.

ஆசிரியர் கலாசாலையில் பியாஜேயைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். ஒரு பொருளை மறைத்துவிட்டால் சின்னக் குழந்தைக்கு அது இல்லாமலே போய்விடுகிறது, எட்டு மாதமளவில்தான் மறைந்ததைத் தேடத் தொடங்குகிறது என்று அவர் எழுதினார். பிற்காலத்தில் ரெனே பையார்ஜோன் போன்றவர்கள், நாலைந்து மாதத்திலேயே பிள்ளைக்கு அந்த எதிர்பார்ப்பு இருக்கிறது என்று சோதனை செய்து காட்டினார்கள். அவர்களுக்குத் திரையும் பெட்டியும் தேவைப்பட்டன. மீன் தொட்டியில் இது சும்மாவே நடக்கிறது. மீன் கல்லுக்குப் பின்னால் போகிறது, மற்றப் பக்கத்தால் வருகிறது. எங்கள் மகள் நாலாவது தடவை மீன் போன பக்கத்தைப் பார்க்கவில்லை. வரவேண்டிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஷா அல்லாஹ். இதற்கு "விளங்கவில்லை" என்று பெயர் வைப்பதென்றால், வகுப்பில் எங்களுடைய பாதிப் பாடங்களுக்கும் அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும்.

வகுப்பைப் பற்றிச் சொன்னதால் ஒரு விசயம். கொட்டாஞ்சேனையில் நாங்கள் படிப்பிக்கும் பிள்ளைகள் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வளர்கிறவர்கள். மீன் வரையச் சொன்னால் பலர் பிளேட்டில் கிடக்கும் மீனைத்தான் வரைகிறார்கள். ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், மீன் எந்த நேரமும் வாயைத் திறந்து மூடுறது தண்ணி குடிக்கவா?" வாயால் போகும் தண்ணீர் பூவழியாக வெளியே வருகிறது, வரும் வழியில் அதிலுள்ள ஒட்சிசனை மீன் எடுத்துக்கொள்கிறது என்று கரும்பலகையில் படம் கீறிச் சொன்னோம். தொட்டிக்கு முன்னால் நின்றால் அரை நிமிடத்தில் விளங்கியிருக்கும். ஆக, பெரிய பிள்ளைகளையும் நாங்கள் கூட்டிப் போவதில்லை. நடக்கத் தொடங்கின பிறகு போகலாம் என்பது, பாடசாலை தொடங்கின பிறகு, ஸ்கொலர்ஷிப் முடிந்த பிறகு என்று தள்ளிப்போய்க்கொண்டேதான் இருக்கிறது.

ஆனால் இந்தப் பதிவை எழுத வைத்தது பிள்ளை அல்ல, தாய்.

அரச ஆசிரியைக்குப் பிரசவ லீவு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள். வேண்டுமென்றால் அதன்பின் அரைச் சம்பளத்தில் 84 நாட்கள், சம்பளமில்லாமல் 84 நாட்கள். இது நல்ல சட்டம். தனியார் துறையில் வேலை செய்யும் எங்கள் தோழிகளில் சிலருக்கு இந்த நீண்ட லீவு கனவு. ஆனால் அந்த நாட்களில் அவள் எங்கே இருக்கிறாள்? வெள்ளவத்தையில் நாலாம் மாடியில், பல்கனியைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பல்கனி தெரியும் பிளட்டில். வெளியே போவது கிளினிக்குக்கு. பிறகு தடுப்பூசிக்கு. பிறகு மறுபடியும் கிளினிக்குக்கு. நாற்பது நாள் முடிந்தாலும் முடியாத நாற்பது அது. பிள்ளையின் வாப்பா தொழிலுக்குப் போய் வருகிறார், பள்ளிக்குப் போய் வருகிறார், இஷாவுக்குப் பிறகு நாலு பேரோடு நின்று கதைக்கிறார். பிள்ளைக்கு விளங்காது, அதனால் போகவேண்டாம் என்று சொல்லும்போது பிள்ளையோடு சேர்ந்து தாயும் வீட்டில் நிற்கிறாள். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மிட்வைஃப் வீட்டுக்கு வந்து "நல்லா நித்திரை கொள்றீங்களா, மனசு எப்படி?" என்று கேட்கும் நேரம் மாமியும் பக்கத்தில் நின்றால் எந்த மருமகள் உண்மை சொல்வாள்?

மார்க்கத்தைக் காட்டித் தடுப்பவர்களுக்கு ஒன்று. நபியவர்கள் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்துகொண்டு தொழுதார்கள். பள்ளியில் குழந்தை அழும் சத்தம் கேட்டால், தாய்க்குக் கஷ்டமாகும் என்று தொழுகையைச் சுருக்கினார்கள். அப்படியானால் பள்ளிக்கே கைக்குழந்தையோடு தாய்மார் வந்திருக்கிறார்கள்.

நாங்கள் வீட்டுக்குள் ஒதுங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் தெஹிவளையைப் பற்றி எழுத முடியாது. 2019 ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் நடந்தது கொட்டாஞ்சேனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அன்று பிற்பகல் தெஹிவளையில், மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்து விடுதி ஒன்றிலும் குண்டு வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்களில் பலர் அபாயாவோடு சனம் கூடும் இடத்துக்குப் போவதையே விட்டோம். பிள்ளையின் பையைத் திறந்து பம்பர்ஸையும் சுடுதண்ணிப் போத்தலையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும்போது பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாமல்தான். அந்தப் பயம் பொய் என்று சொல்லமாட்டோம். அதைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கவேண்டுமா என்பதுதான் கேள்வி. மீன் கூடத்தின் இருட்டில் எங்கள் மகளுக்குப் பக்கத்தில் ஒரு சிங்களப் பிள்ளை கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு "மாளு, மாளு" என்று கத்தியது. அந்தத் தாய் எங்களைப் பார்த்துச் சிரித்தார். தன் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இடம் விட்டார். அவ்வளவுதான். இதைப் பெரிதாக்கத் தேவையில்லை, ஆனால் வீட்டிலிருந்தால் இதுவும் நடந்திருக்காது.

கூண்டுகளைப் பற்றிய விமர்சனமும் இருக்கிறது, தெரியும். அந்த இடத்தைத் தொடங்கிய ஜோன் ஹாகன்பெக் மிருக வியாபாரி. அவருடைய குடும்பம் எங்கள் நாட்டு மனிதர்களையே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்த குடும்பம். 1936இல்தான் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. எங்கள் உம்மாமார் கைதட்டிப் பார்த்த யானை ஆட்டத்தை இன்று எங்களால் அப்படிப் பார்க்க முடியாது. ஆனாலும் சாதாரணக் குடும்பம் பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய வேறு இடம் எத்தனை இருக்கிறது?

இனிக் காய்ச்சல். 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று பெயர் வாங்கினோம். 2023இல் அது திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் கொழும்பு உட்பட 9 மாவட்டங்களில் 6 முதல் 9 மாதப் பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஒரு ஊசி போட வேண்டி வந்தது. எம்.எம்.ஆர். முதல் ஊசி 9 மாதத்தில். அதற்கு முன் பெருநாள் கூட்டத்திலும் போயா நாளிலும் மூடிய கூடத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம். ஊசி போடாத பிள்ளை என்றால் முதலில் கிளினிக்குக்குப் போங்கள், மீன் ஓடிப்போகாது. வார நாளில் காலையிலேயே போனால் சனம் குறைவு. தள்ளுவண்டியை விட நெஞ்சோடு கட்டும் பை நல்லது. பிள்ளை கண்ணாடியில் அடித்தால் கையை மெதுவாக எடுத்துவிடுங்கள். காற்றைவிடத் தண்ணீரில் சத்தம் நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும், எங்களுக்குத் தட்டல், மீனுக்கு அதிர்ச்சி. போனில் வீடியோ எடுப்பதைக் கொஞ்சம் குறைத்தால் பிள்ளையின் முகத்தையும் பார்க்கலாம்.

பால் கொடுக்கும் இடம்தான் பெரிய பிரச்சினை. 2016இல் எடுத்த குடித்தொகை சுகாதார ஆய்வின்படி எங்கள் நாட்டில் 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதமானோருக்குத் தாய்ப்பால் மட்டும்தான். பெருமையான கணக்கு. அந்தத் தாய்மாருக்குப் பொது இடங்களில் ஒரு திரையும் ஒரு கதிரையும் போதும், பெரிய கட்டடம் யாரும் கேட்கவில்லை. பூங்கா, பஸ் நிலையம், கடைத்தொகுதி, எங்கள் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். மாநகர சபைக்கு ஒரு கடிதம் எழுதுகிறோம். கையெழுத்து வைக்க விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.

வருகிற புதன்கிழமை காலை, இன்ஷா அல்லாஹ், கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு தாய்மார் பிள்ளைகளோடு வெள்ளவத்தைக்கு வருகிறார்கள். இங்கிருந்து இரண்டு ஓட்டோவில் போகிறோம். இரண்டாவது ஓட்டோவில் இன்னும் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் இடம் இருக்கிறது. மாமியும் வரலாம்.