கல்லீரல் ஸ்கேன்: ஒருமுறை எடுத்தால் போதாது

உலகில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8 லட்சத்து 70 ஆயிரம் பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. 2050இல் இந்த எண்ணிக்கை 15 லட்சத்தைத் தாண்டும் என்று 2025 ஜூலையில் வெளிவந்த லான்செட் ஆணையத்தின் அறிக்கை எச்சரித்தது. ஐந்தில் மூன்று பேருக்கு இந்நோய் வராமலே தடுக்க முடியும் என்றும் அதே அறிக்கை கூறியது. ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, மது, கொழுப்புக் கல்லீரல் ஆகிய நான்கும்தான் முக்கியக் காரணங்கள்.

இவை நான்கும் ஜொகூர் இந்தியர்களுக்குப் பழக்கமானவை. தோட்டப்புறங்களில் சம்சு செய்த சேதத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தைகளுக்கான ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மலேசியாவில் 1989இல்தான் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இப்போது நீரிழிவும் சேர்ந்துகொண்டது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு. நீரிழிவு உள்ளவர்களிடம் கொழுப்புக் கல்லீரலும் அதிகம்.

ஏன் ஆறு மாதம்?

ஆண்டுக்கணக்கில் அடிபட்ட கல்லீரல் தழும்பேறி இறுகிப் போவதைத்தான் சிரோசிஸ் என்கிறோம். கல்லீரல் புற்றுநோய் வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே சிரோசிஸ் இருக்கும். சிரோசிஸ் உள்ள 100 பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவர் முதல் நால்வர் வரை இந்தப் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். ஆரம்பத்தில் வலி இருக்காது. வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, எடை குறைந்து மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலும் குணப்படுத்தும் கட்டம் கடந்திருக்கும்.

கட்டி சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் நிலைமை வேறு. அறுவை செய்து அகற்றலாம், ஊசி வழியே சூடேற்றி அழிக்கலாம், தகுதியுள்ளவர்களுக்கு மாற்றுக் கல்லீரலும் பொருத்தலாம். அதனால்தான் சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ஆசிய, ஐரோப்பிய, அமெரிக்க கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் பரிந்துரைக்கின்றன. ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையையும் பலர் கூடவே செய்கிறார்கள்.

இந்த இடைவெளி சும்மா வைத்ததல்ல. இக்கட்டிகளில் பல, சில மாதங்களிலேயே இரட்டிப்பாகக் கூடியவை. ஓராண்டு காத்திருந்தால் சிறியது பெரியதாகிவிடலாம். அதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால் கூடுதல் பலனும் இல்லை. பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவமனைகளில் 1,278 நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது.

ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் ஸ்கேன் மட்டும் கண்டுபிடிப்பது பாதிக்கும் குறைவு. ஏஎஃப்பி சேர்ந்தால் அது சுமார் 63 விழுக்காடாக உயர்கிறது என்று 2018இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது. பருமனான உடலில் படம் தெளிவாக விழாது. ஒருமுறை "ஒன்றுமில்லை" என்று வந்த முடிவை ஆயுள் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இயந்திரம் இருந்தால் மட்டும் போதுமா?

ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைகள், மூவார், பத்து பகாட், குளுவாங், சிகாமட் ஆகிய ஊர்களில் அரசு நிபுணத்துவ மருத்துவமனைகள் என மாநிலத்தில் வசதிகள் உள்ளன. குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்கும் கட்டணம் ஐந்து வெள்ளிதான். இருந்தும் நோயாளிகள் இரண்டு இடங்களில் நழுவிப் போகிறார்கள்.

முதலாவது, சிரோசிஸ் இருப்பதே தெரியாதவர்கள். நீரிழிவுக்காகக் கிளினிக்குக்குப் போகிறவரிடம் சர்க்கரை, சிறுநீரகம், கண், கால் பற்றிப் பேசப்படும். கல்லீரல் பேச்சு அரிது. வயது, இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு, ரத்தத் தட்டணு எண்ணிக்கை ஆகிய நான்கை வைத்து ஃபிப்-4 என்ற கணக்கைப் போட்டாலே யாரை மேலும் சோதிக்க வேண்டும் என்று ஓரளவு தெரிந்துவிடும். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, தெரிந்தும் திரும்பி வராதவர்கள். விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஒருவருக்கு வாரநாள் காலைச் சந்திப்பு என்பது ஒருநாள் சம்பளம். மெர்சிங்கில் இருப்பவருக்குப் பெரிய மருத்துவமனை என்றால் குளுவாங் அல்லது ஜொகூர் பாரு பயணம். உடம்பில் வலி இல்லாதபோது எதற்கு இந்த அலைச்சல் என்று தோன்றுவது இயல்பு.

ஹெப்படைட்டிஸ் சி இதற்கு நல்ல உதாரணம். மலேசியா 2017இல் காப்புரிமையை மீறிச் செல்லும் அரசு உரிமத்தைப் பயன்படுத்தி, சோஃபோஸ்புவிர் மருந்தை மலிவாக வாங்க வழி செய்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் கிருமி போனாலும் சிரோசிஸ் வந்த கல்லீரலுக்குப் புற்றுநோய் ஆபத்து நீடிக்கிறது. "குணமாகிவிட்டது" என்று வீட்டுக்குப் போனவருக்கும் ஆறு மாத ஸ்கேன் தேவை.

பணமும் உழைப்பும் எங்கே போக வேண்டும்?

பொது மருத்துவ முகாம்களிலும் தனியார் பரிசோதனைப் பேக்கேஜ்களிலும் எல்லாருக்கும் ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுப்பதால் கல்லீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை பலன் குறைவு. ஆபத்து இல்லாதவரிடம் தேடினால் தேவையற்ற பயமும் மேல்சோதனைகளும்தான் மிஞ்சும். அதே செலவில் ஹெப்படைட்டிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை செய்து, ஆபத்தில் உள்ளவர்களைக் கிளினிக்கில் சேர்த்துவிடுவது பெரிய உதவி.

அரசின் பெக்கா பி40 திட்டம் புற்றுநோய் சிகிச்சையை முடிக்கும் பி40 நோயாளிகளுக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகை தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் புற்றுநோய் வந்த பிறகு கொடுப்பதில் ஒரு சிறு பங்கை, அது வருமுன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகும் பயணத்துக்குக் கொடுக்கலாமே? மருத்துவமனைகள் சிரோசிஸ் நோயாளிகளின் பட்டியலை வைத்து, தவறியவர்களை தொலைபேசியில் அழைப்பதற்கும் பெரிய செலவு ஆகாது.

சமூகமும் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். சிரோசிஸ் என்றாலே "குடிகாரன் நோய்" என்ற பேச்சு, மது தொடாத நீரிழிவு நோயாளியையும் வாய் திறக்க விடாமல் செய்கிறது. குடித்ததால் வந்தவருக்கும் சிகிச்சை பெறும் உரிமை உண்டு.

வீட்டில் யாருக்காவது சிரோசிஸ் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், கடைசி ஸ்கேன் எடுத்த தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால், அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனையை அழைத்துக் கேளுங்கள். ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்கள், 40 வயது கடந்த ஆண்களும் 50 கடந்த பெண்களும், சிரோசிஸ் இல்லாவிட்டாலும் தங்களுக்கு இந்தக் கண்காணிப்பு தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.