காற்று ஸ்குரூவும் என் கஞ்சத்தனமும்

பென்ஷன், மூட்டுவலி என்று எழுதி எனக்கே அலுத்துவிட்டது. இன்று கார்புரேட்டரைப் பற்றி எழுதுகிறேன். புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் ஓட்டிய கைகள் இதைப் படிப்பவர்களில் நிறைய உண்டு என்று தெரியும்.

சென்ற வாரம் பேரன் ஒரு சின்ன பார்சலோடு வந்தான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு ஸ்குரூ, அதன் தலையில் கையால் திருகும்படி வரி போட்ட குமிழ். அவன் வைத்திருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 150 சிசி வண்டி, கார்புரேட்டர் காலத்தது. அதில் கலவை ஸ்குரூ அடிப்பக்கம், என்ஜினை ஒட்டி ஒளிந்திருக்கிறது. சாதாரண ஸ்குரூ டிரைவர் நுழையாது. "இதைப் போட்டா வெளியிலிருந்தே திருகிக்கலாம் தாத்தா. போடலாமா?" என்றான்.

"போடலாம். ஆனா ஒரு கதை கேட்டுட்டுப் போடு" என்றேன்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் அறிவியல் மெஸ்ஸியே ஒரு மொபிலெத் வைத்திருந்தார். கார்புரேட்டர் பாடத்தை அதைக் காட்டித்தான் நடத்தினார். ஸ்பார்க் பிளக்குக்கு பிரெஞ்சில் 'பூழி', அதாவது மெழுகுவர்த்தி. பெட்ரோல் கூடுதலாக உள்ள கலவை 'ரிஷ்', பணக்காரக் கலவை. காற்று கூடுதலானால் 'போவ்ர்', ஏழைக் கலவை. இரண்டுக்கும் நடுவே நிறுத்துகிற திருகாணிக்கு 'வீஸ் தெ ரிஷெஸ்', செல்வத் திருகு என்று பெயர். வகுப்பே சிரித்தது. பின்னாளில் எல்.டி.சி. சம்பளத்தில் வண்டி ஓட்டியபோதுதான் அந்தப் பெயரின் அருமை புரிந்தது.

1990 கடைசியில் வளைகுடா நெருக்கடியால் பெட்ரோல் விலை ஏறியது. என்னிடம் 1986 மாடல் புல்லட், மிக்கார்ப் கார்புரேட்டர். அதில் காற்று ஸ்குரூ பக்கவாட்டில் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும். வெளியே திருப்பினால் காற்று கூடும், கலவை மெலியும். மெக்கானிக் பாய் ஒன்றரைச் சுற்றில் வைத்துக் கொடுத்ததை, மைலேஜ் ஆசையில் தினம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி மூன்று சுற்றுக்குக் கொண்டுபோய்விட்டேன். சைலென்சர் பட் பட்டென்று வெடித்தது. ஐடிலிங் நிற்கவில்லை. ஆனாலும் பெட்ரோல் மிச்சமாகிறது என்று எனக்குள் ஒரு பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு கடலூர் புறப்பட்டேன். முருங்கப்பாக்கம் சந்திப்பில் நின்று மறுபடி கிளப்பும்போது, ஆக்சிலேட்டரைத் திருகியதும் வண்டி ஒரு இருமல் இருமி நடுரோட்டில் அணைந்தது. பக்கத்திலிருந்து வந்த பஸ் பிரேக் போட்டு, ஒரு முழம் தள்ளி நின்றது. அவள் இறங்கி ஓரமாகப் போய் நின்று கேட்டாள்: "எவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க?" இன்றுவரை நான் எதிலாவது கஞ்சத்தனம் செய்தால் அதே கேள்விதான்.

பாய் பிறகு சொன்னது இது. "சார், அந்த ஸ்குரூ ஐடிலிங்குக்கும் கால்வாசி ஆக்சிலேட்டருக்கும்தான். நடுவுல ஊசி பாத்துக்கும். முழு ஓட்டத்துக்கு மெயின் ஜெட். நீங்க ரோட்டுல பெட்ரோல் மிச்சம் பண்ணல. சிக்னல்ல உயிரத்தான் பணயம் வச்சீங்க."

இந்த விஷயத்தில் என் கருத்து முழுக்க அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான். கலவை ஸ்குரூ வண்டிக்காரன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் அதை மைலேஜ் குழாயாக நினைத்துத் தினமும் திருகக் கூடாது.

"கம்பெனி வைத்ததைத் தொடாதே" என்று ஒரு கட்சி உண்டு. அமெரிக்காவில் 1970களின் கடைசியில் மாசு விதிகள் வந்தபின், இந்த ஸ்குரூவைப் பித்தளை மூடி போட்டே அடைத்தார்கள். காரணம் நியாயமானது. ஆளாளுக்குத் திருகினால் புகை கூடும். ஆனால் கம்பெனி அதை வைத்தது அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு. இன்று பங்க்கில் கிடைப்பது அந்தப் பெட்ரோலா?

2023லிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, இப்போது பொதுவாக அதுதான் கிடைக்கிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய, எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் 20 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் இதைக் கண்டுபிடித்து ஓரளவு சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. அதே ஓட்டை, அதே அளவு. ஆக, நாம் எதையும் தொடாமலே நம் வண்டிகள் 'போவ்ர்' ஆகிவிட்டன. 1990ல் நான் செய்த தப்பை இப்போது பங்க்கே கொஞ்சம் செய்து கொடுக்கிறது. அதைத் திருத்த ஒரு கைத்திருகு இருப்பது தவறா?

பேரனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் பிளக், ஏர் ஃபில்டர், டாப்பெட், ஸ்லோ ஜெட் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அடைத்த ஜெட்டை ஸ்குரூவால் சரிசெய்ய முடியாது. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஸ்குரூவை உள்ளே திருகும்போது உட்கார்ந்ததும் விட்டுவிடுங்கள். முரட்டுத்தனமாக முடுக்கினால் கூர்முனை நசுங்கும், கார்புரேட்டரே வீணாகும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே. அங்கிருந்து கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐடிலிங் எங்கே அதிகமாக ஏறிச் சீராக நிற்கிறதோ அங்கே நிறுத்தி, ஐடிலிங்கை வேறு ஸ்குரூவில் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று முக்கியம். ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்குரூ, உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் ஸ்குரூ, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். என் புல்லட்டும் பேரன் வண்டியும் இதில் நேர் எதிர். புது ஸ்குரூ போடும்போது பழையதோடு வரும் ஸ்பிரிங், வாஷர், கடுகளவு ரப்பர் வளையம் மூன்றையும் அதே வரிசையில் போடுங்கள். வளையம் தொலைந்தால் காற்று இழுக்கும், என்ன திருகினாலும் நிற்காது.

எத்தனைச் சுற்று வைத்தீர்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். குமாஸ்தா புத்தி என்று சிரிக்காதீர்கள். எழுதி வைக்காதவன்தான் தினமும் திருகுகிறான். புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடை அளப்பதும் ஐடிலிங்கில்தான். என் வண்டி போன்ற பழையவற்றுக்கு வரம்பு 4.5 சதவீதம். ஒழுங்காகத் திருகியவன் அங்கே பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் குமிழ் முழுத் தீர்வு அல்ல. ரோட்டில் வேகமாகப் போகும்போதும் இழுவை குறைகிறது, என்ஜின் சூடாகிறது என்றால், ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்க வேண்டும், அல்லது மெயின் ஜெட்டை ஒரு நம்பர் கூட்ட வேண்டும். அது மெக்கானிக் வேலை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபின் நம் ஊரில் புது வண்டிகளில் கார்புரேட்டரே அநேகமாகப் போய்விட்டது. அந்தக் கைவேலை தெரிந்தவர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள். இருக்கும்போதே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு குறிப்பும் எழுதுகிறேன். கரும்பு விவசாயிக்கு வருமானம், இறக்குமதிச் செலவு குறைவு, இதெல்லாம் நல்ல காரணங்களே. எத்தனாலுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவன் பெரும்பாலும் புது வண்டி வாங்க முடியாதவன். அவனுக்காக எத்தனால் குறைந்த பெட்ரோல் ஒரு பம்பிலாவது கிடைக்கும்படி செய்திருக்கலாம். அதுவரை அவன் கையில் இருப்பது அந்தச் சின்ன ஸ்குரூ ஒன்றுதான்.

பேரன் போட்டுவிட்டான். ஒன்றே முக்கால் சுற்று. என் பழைய டைரியில் புல்லட்டின் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் அவனையே எழுதச் சொன்னேன். காபி கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு மிச்சமாகும்டா?" என்று அவனைக் கேட்டாள். பதிலை அவன் என் முகத்தில் தேடினான்.