நான்கில் ஒன்றும் பத்தில் ஒன்றும்: ஆண்டி ரோர்க்கின் வழக்கு நமக்குச் சொல்வது

இங்கிலாந்தின் 'தி ஸ்மித்ஸ்' ராக் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஆண்டி ரோர்க், 2023 மே 19 அன்று கணையப் புற்றுநோயால் நியூயார்க்கில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 59. அவருடைய இசைத்திறனைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். உழைப்புக்குரிய பங்கைச் சட்டத்தின் வழியே கோரும் நாம் கவனிக்க வேண்டிய கேள்வி வேறு. ஒரே மேடையில் ஒரே உரிமையுடன் நின்ற இருவரில் ஒருவர் நான்கில் ஒரு பங்கைப் பெற, மற்றவர் பத்தில் ஒரு பங்கோடு நின்றது ஏன்?

ரோர்க் 1964-இல் மான்செஸ்டரில் பிறந்தவர். பள்ளித் தோழரான கிட்டார் கலைஞர் ஜானி மார் வழியாக 1982-இல் குழுவில் இணைந்தார். பாடகர் மோரிசி, டிரம்ஸ் கலைஞர் மைக் ஜாய்ஸ் ஆகியோருடன் நால்வர் அணி உருவானது. 1984 முதல் 1987 வரை நான்கு ஸ்டூடியோ ஆல்பங்கள் வெளிவந்தன. பேஸ் கிட்டார் பாட்டின் அடித்தளத்தில் இயங்குவது. தாளத்தையும் மெட்டையும் பிணைப்பது. கேட்போர் அதைத் தனியே கவனிப்பதில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு நிற்காது.

வருவாய்க் கணக்கு வேறுவிதமாக இருந்தது. பாடல்களை இயற்றியவர்கள் என்ற முறையில் அதற்கான உரிமைத்தொகை மோரிசிக்கும் மாருக்கும் சென்றது. அதில் வழக்கு ஏதும் இல்லை. ஒலிப்பதிவு, மேடை நிகழ்ச்சி ஆகியவற்றின் வருவாயே சிக்கலானது. ரஃப் டிரேட் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் அவ்விருவர் மட்டுமே கையெழுத்திட்டிருந்தனர். வருவாய் 40, 40, 10, 10 என்ற விகிதத்தில் பிரிக்கப்பட்டது. ஆனால் நால்வரும் இந்த விகிதத்தை ஏற்றுக் கையெழுத்திட்ட ஆவணம் எதுவும் இல்லை.

குழு கலைந்தபின், 1989-இல் ரோர்க்கும் ஜாய்ஸும் சட்ட நடவடிக்கையில் இறங்கினர. கடனில் தத்தளித்த ரோர்க், 83,000 பவுண்டு ரொக்கத்தையும் 10 விழுக்காட்டையும் ஏற்று, மேற்கொண்டு எந்த உரிமையும் கோருவதில்லை என ஒப்புக்கொண்டார். ஜாய்ஸ் வழக்கைத் தொடர்ந்தார். 1996 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வேறு உடன்பாடு மெய்ப்பிக்கப்படாதபோது கூட்டாளிகளுக்குச் சமபங்கு உண்டு என்பது 1890-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 24. அதன்படி அவருக்கு 25 விழுக்காடு. நிலுவைத் தொகை மட்டும் சுமார் 10 லட்சம் பவுண்டு என மதிப்பிடப்பட்டது. 1998-இல் மோரிசியின் மேல்முறையீடும் தள்ளுபடியானது. 1999-இல் ரோர்க் திவாலானார்.

ரோர்க்கின் உரிமை குறைவானது என்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை. 10 விழுக்காட்டை ஜாய்ஸ் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்ற வாதத்தையும் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ரோர்க் ஹெராயின் பழக்கத்தால் அவதியுற்றவர். 1986-இல் சிறிது காலம் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர். சமபங்கு விதி ஒழுக்கச் சான்றிதழ் கேட்பதில்லை. இருவரையும் பிரித்தது ஏழாண்டுகள் காத்திருக்கும் வலிமை மட்டுமே. சட்டம் சமமாகவே இருந்தது. வாடகைக்கும் கடனுக்கும் அந்தச் சமத்துவம் தெரியாது.

ரோர்க் சாதியால் ஒடுக்கப்பட்டவர் அல்லர். ஒப்பீட்டின் எல்லையை நாம் மறக்கவில்லை. ஆனால் அதே விதி நம் சட்டத்திலும் உள்ளது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932, பிரிவு 13(ஆ), வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கூட்டாளிகளுக்கு இலாபத்தில் சமபங்கு தருகிறது. கூட்டாகத் தொழில் நடத்தி இலாபத்தைப் பகிரும் பறையிசைக் குழுவுக்கும் இது பொருந்தும். திரைப்படத்துறையில் நிலை இன்னும் நுட்பமானது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 38அ, நிகழ்த்துகை வணிகப் பயன்பாட்டுக்கு வரும்போது கலைஞருக்கு உரிமைத்தொகை உண்டு என்கிறது. அதே சட்டத்தின் வரையறையோ, படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ இடம்பெற்று, பெயர்ப் பட்டியல் உட்பட எங்கும் பெயர் குறிப்பிடப்படாதவரைப் பெரும்பாலான நோக்கங்களுக்குக் 'கலைஞர்' என்றே ஏற்பதில்லை. பறையடிப்பவரின் பெயரைத் திரையில் போடாமல் விடுவது வெறும் அலட்சியமன்று; அவருடைய உரிமையையே அது பறிக்கக்கூடும்.

ஆகவே நம் கலைஞர்கள் மேடையேறும் முன்பே இரண்டைக் கேட்டுப் பெற வேண்டும்: பங்கு விகிதம் எழுதப்பட்ட ஒரு தாள், பெயர்ப் பட்டியலில் இடம். பூசல் வந்தால், சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987, பிரிவு 12, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவிக்குத் தகுதி அளிக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி என்பதே அதற்குப் போதுமானது. உரிமையியல் வழக்குகளுக்கும் அதைக் கோரலாம்.

ஆனால் அது வழக்கறிஞரைத் தரும். தீர்ப்பு வரும்வரை வீட்டு அடுப்பை எரிய வைக்காது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, மறுக்கப்படாத தொகையையேனும் உடனே வழங்கும் இடைக்கால உத்தரவுகளை நாம் ஒவ்வொரு வழக்கிலும் வற்புறுத்த வேண்டும். இல்லையேல், சமரசம் என்ற பெயரில் பசியே கையெழுத்திடும்.